சித்திரக்கதைத் தமிழ்: பெயரும் பேச்சும்

மொழிபெயர்ப்பு பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கியம், சமயம், சட்டம், அறிவியல் ஆகிய துறைகளையே நோக்கி வந்துள்ளன. அரை நூற்றாண்டாகத் தமிழில் பெயர்க்கப்பட்டு வரும் அயல்நாட்டுச் சித்திரக்கதைகள் அரிதாகவே கருத்திற் கொள்ளப்பட்டன. அவற்றின் நடை செயற்கையானது என்பது எளிதில் சொல்லப்படும் தீர்ப்பு. அத்தீர்ப்பு பாதி உண்மையே என்பது என் துணிபு.

முதலில் பெயர்களைக் காண்போம். 1970களின் தொடக்கத்தில் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இதன் மூலம் 'வேலியண்ட்' என்னும் பிரித்தானிய வார இதழில் 1962இல் தொடங்கிய 'தி ஸ்டீல் கிளா' தொடராகும். கதைத்தலைவனின் உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் உருவம் மறையும். செயற்கைக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலத் தலைப்பு கையை மட்டுமே சுட்டுகிறது. தமிழ்த் தலைப்போ கையையும் மறைவையும் ஒரு தொடரில் அடக்கிவிடுகிறது. நேர்ச்சொல் வேண்டின் 'எஃகு' என்றிருக்க வேண்டும். ஆனால் 'எஃகுக்கை' எனச் சொல்லிப் பார்ப்பவர் மொழிபெயர்ப்பாளரை மன்னித்துவிடுவர். இரும்பு பொருளளவில் பிழை. பெயரளவில் அதுவே பொருத்தம். 'மாயாவி' வாலியோடு பொருத அசுரனின் பெயருமாகும். முதற்கதையில் தீயவனாகத் திரிந்து பின்னரே திருந்திய ஒருவனுக்கு அப்பெயர் அமைந்தது நோக்கத்தக்கது. இது திட்டமிட்டதா, தற்செயலா என்பதை விடப் பெறுமொழியின் சொல்வளம் தருமொழியில் இல்லாத ஒரு பொருட்சாயலைச் சேர்த்துள்ளது என்பதே நமக்கு முதன்மையானது.

லீ ஃபாக் 1936இல் படைத்த 'ஃபாண்டம்' தமிழில் வேறொரு சிக்கலைத் தந்தது. முத்து காமிக்ஸ் அவனை 'வேதாளர்' என்றது. வேதாளம் அஃறிணைப் பெயர். அதன் ஈற்றில் உயர்வுப் பன்மை விகுதி ஏறி, விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிய பேய் மதிப்பிற்குரிய மனிதராகிவிட்டது. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸோ (1984–2005) அதே நாயகனை 'மாயாவி' என அழைத்தது. ஒருவனுக்கு இரு பெயர். ஒரு பெயருக்கு இருவர். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நான் சிறுவனாக இருந்தபோது, வாடகைக்குப் புத்தகம் தரும் கடையில் "மாயாவி இருக்கா?" என்று கேட்டால், "எந்த மாயாவி? கையா, முகமூடியா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். ஒப்புருச் சொல்லைப் பொருள்மயக்கம் நீக்கி வழங்குவதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை நான் பின்னர் எப்பாடநூலிலும் கண்டதில்லை.

இனி, செயற்கை நடை என்னும் குற்றச்சாட்டு. தமிழ்ச் சிறுகதையும் புதினமும் உரையாடலுக்குப் பேச்சு வழக்கை ஏற்றுக்கொண்ட பின்னரும், சித்திரக்கதையின் பேச்சுக்குமிழ்கள் எழுத்து வழக்கிலேயே நின்றன. 'அவன் தப்பிவிட்டான்!' என்றே கொள்ளையனும் சொல்வான், காவலனும் சொல்வான். கப்பற்கூலியும் கோமகனும் ஒரே தமிழ் பேசுவதால் மூலத்தின் வர்க்க வேறுபாடுகள் அழிந்தன. இஃது இழப்பே, மறுக்கவில்லை. ஓர் இதழே சென்னை முதல் குமரி வரையும் அதற்கு அப்பாலும் விற்கப்பட வேண்டியிருந்ததால், எவ்வட்டாரத்தையும் சாராத நடை தேவைப்பட்டது எனக் கருத இடமுண்டு.

அந்த 'அப்பால்' பகுதியில் வளர்ந்தவன் நான். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்; வீட்டிலும் தெருவிலும் வட ஆர்க்காட்டு வழக்கோடு கன்னடச் சொற்கள் கலந்த தமிழ். தமிழ் எழுத்துகளை அம்மா கற்பித்தார். எழுத்துத் தமிழைக் கற்பிக்க எவருமில்லை. 'தப்பிச்சிட்டான்' என்பதற்கு நிகரான எழுத்து வடிவம் 'தப்பிவிட்டான்' என்பதைச் சுவரேறிக் குதிக்கும் ஒருவனின் படம் எனக்கு உணர்த்தியது. '-விட்டான்', '-கொண்டிருக்கிறான்' போன்ற துணைவினை வடிவங்களைப் படத்தின் துணையோடு பொருள் அறிந்தே கற்றேன். இயல்பான பேச்சு நடையில் அக்குமிழ்கள் அமைந்திருந்தால் இப்பயன் கிட்டியிராது.

தொடரமைப்பில்தான் மொழிபெயர்ப்பாளர் உண்மையில் இடர்ப்பட்டனர். சாகும் தறுவாயில் ஒருவன் கொலைகாரனின் பெயரைச் சொல்ல வாயெடுத்து உயிர்விடும் காட்சியைக் கொள்வோம். ஆங்கிலத்தில் எழுவாயும் இணைப்பு வினையும் வந்துவிடும். பெயர் மட்டும் எஞ்சும். தமிழில் பெயர்ப்பயனிலைக்கு இணைப்பு வினை வேண்டா. ஆகவே 'கொலைகாரன்...' என அறுபட்டு நிற்கும் சொல், எதிரில் நிற்பவனை நோக்கிய விளி போலவும் ஒலிக்கும். 'என்னைச் சுட்டவன்...' என வினையாலணையும் பெயராக்கினால் அம்மயக்கம் பெரிதும் குறையும். வேட்டொலிகளிலோ இடரே இல்லை. 'என' என்னும் இடைச்சொல் இசைப்பொருளில் வருமென்று தொல்காப்பியர் கூறுவார். சித்திரக்கதை அவ்விடைச்சொல்லையும் உதறி 'டுமீல்', 'தடால்' என்பவற்றைத் தனித்து நிற்கச் செய்தது.

1984இல் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸ், லக்கி லூக் போன்ற நகைச்சுவைத் தொடர்களில் பேச்சு வழக்கிற்கும் இடமளித்தது. நகைச்சுவைக்கு அது பொருந்துகிறது. எனினும் எவருடைய பேச்சு என்னும் வினா உடனே எழுகிறது. 'தப்பிச்சிட்டான்', 'தப்பிச்சுட்டான்', 'தப்பிட்டான்' ஆகிய மூன்றில் எதனைக் குமிழில் எழுதுவது? ஆஸ்டின் டவுன் சிறுவன் இம்மூன்றையும் தன் தெருவிலேயே கேட்டிருப்பான். அவற்றின் எழுத்து வடிவத்தை வேறெங்கு காண்பான்?