அம்மாவின் பெட்டியும் அண்ணனின் பாஸ்வேர்டும்

சென்ற ஆண்டு வீட்டைப் புதுப்பித்தபோது, அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்யும் வேலை என்னிடம் வந்தது. "எல்லாத்தையும் ஃபோன்ல ஸ்கேன் பண்ணிட்டு பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடு" என்றான் அண்ணன். அதே வீட்டு பீரோவில், பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் பக்கத்தில், அப்பா பெயரில் எழுதிய மொய் நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பாவுடையவை ஆவணம், அம்மாவுடையவை அடைசல்.

வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி ஜப்பானின் மேரி கோண்டோ எழுதிய புத்தகம் 2011இல் வந்தது; 2014இல் ஆங்கிலத்துக்கு வந்து உலகெங்கும் பரவியது. பொருளைக் கையில் எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்கச் சொல்கிறார் அவர். துணி, புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், கடைசியில் நினைவுப் பொருள் என்பது அவர் தரும் வரிசை. காகிதத்துக்குப் பொது விதி தூக்கிப் போடுவதுதான். அவசியமானவை மட்டும் விலக்கு. நினைவுப் பொருளைக் கடைசிக்குத் தள்ளியதில் அனுபவம் தெரிகிறது. ஆனால் அம்மாவின் காகிதம் இதில் எந்த வகை? பால் கணக்கின் பின்பக்கம் புள்ளிக் கோலம். சீட்டுக் கணக்குக்கு நடுவே பெரியம்மாவுக்கு எழுதிப் பார்த்த பதில் கடிதம். தனக்கென்று தனி நோட்டு வாங்கிக்கொள்ளாத பெண்கள் எல்லாவற்றையும் ஒரே நோட்டில்தான் எழுதினார்கள். அதிலுள்ள கடனையும் அடகையும் பார்த்து யாருக்கும் மகிழ்ச்சி வராது. அதற்காக அவை வேண்டாதவை ஆகிவிடுமா?

நானும் ஸ்கேன் செய்தேன். செயலி தானாகவே தாளை வெளுப்பாக்கி, ஓரங்களை வெட்டித் தந்தது. இன்லேண்ட் லெட்டர்களின் மடிப்போரத்தில் சுற்றிச் சுற்றி எழுதிய வரிகள் துண்டுபட்டன. அம்மாவிடம் ஃபோனைக் காட்டினேன். 1991ஆம் வருடப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பென்சில்ல எழுதினது எங்கடி?" என்றாள். பழைய பேப்பர்காரருக்குக் கட்டிவைத்த கட்டிலிருந்து நோட்டை உருவினாள். பேனாவில், 'வளையல் 2, அடகு, காலேஜ் ஃபீஸ்'. கீழே மங்கிய பென்சிலில், 'மூழ்கிவிட்டது'. என்னைப் படிக்க வைத்தது அப்பா என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். மேடைகளில் நானும் அப்படியே சொல்லியிருக்கிறேன். அதை மறுக்க இருந்த ஒரே வார்த்தையை என் ஃபோன் அழுக்கென்று துடைத்திருந்தது.

அதற்காக எல்லாவற்றையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஸ்வீடனின் மார்கரெட்டா மாக்னுசன், இறப்பதற்கு முன் தன் பொருள்களைத் தானே ஒழுங்கு செய்வது பற்றி எழுதிய புத்தகம் 2017இல் ஆங்கிலத்தில் வந்தது. தனக்கு மட்டுமே பொருள்படும் கடிதங்களை ஒரு சின்னப் பெட்டியில் தனியே வைத்து, தன் காலத்துக்குப் பின் பார்க்காமலே எறிந்துவிடலாம் என்று விட்டுவிடும் யோசனை அதில் இருக்கிறது. எனக்கு அது பிடித்தது. அங்கே முடிவு அந்தப் பெண்ணுடையது. அம்மாவும் மூன்று கடிதங்களை எடுத்து, "இதைப் படம் எடுக்காதே" என்று சொல்லிக் கிழித்துப் போட்டாள். யார் எழுதியவை என்று நான் கேட்கவில்லை.

1988இல் மும்பையில் சி.எஸ். லக்ஷ்மி (நமக்கு அம்பை), நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோர் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம், பெண்களின் படங்களோடும் காகிதங்களோடும் அவர்கள் குரலையும் பதிவு செய்கிறது. வீட்டிலும் அப்படிச் செய்யலாம். மறுபடி தொடங்கினேன்: வண்ணத்தில், இரண்டு பக்கமும், ஓரம் வெட்டாமல். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஒலிப்பதிவும் செய்தேன்.

இன்னொன்று மிச்சம் இருந்தது. ஸ்கேன்களை அண்ணன் தன் கணக்கில் ஏற்றச் சொல்லியிருந்தான். பெட்டிச் சாவி இத்தனை வருடம் அம்மாவின் இடுப்பில் இருந்தது. ஸ்மார்ட்ஃபோன் இல்லாத அவள் இனித் தன் நோட்டைப் பார்க்க மகனின் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு அவளிடமே கொடுத்தேன். அச்செடுத்த பிரதி ஒன்றும் கொடுத்தேன்.

பெட்டி பாதி காலியாகிவிட்டது. பழைய கரண்ட் பில்களையும் மருந்துச் சீட்டுகளையும் அம்மாவே எடுத்துப் போட்டாள். நோட்டு இப்போது பீரோவில், மொய் நோட்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.