அவன் பித்தை அவள் பாடும்போது

ஆண் எழுதி, ஆண் பாடி, ஆண் நடித்த ஒரு காதல் பித்தைப் பெண் எடுத்துப் பாடினால் அந்தப் பித்து யாருடையது ஆகிறது? சுசீலா ராமனின் ‘லவ் ட்ராப்’ (2003) தொகுப்பில் உள்ள ‘யே மேரா தீவானாபன் ஹை’ பாட்டு இந்தக் கேள்வியை எழுப்புகிறது.

சுசீலா ராமன் 1973இல் லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். கர்நாடக சங்கீதம் கற்ற வீட்டுப் பெண். பதின்வயதில் சிட்னியில் ராக் குழு வைத்துப் பாடினார். பிறகு இந்தியா வந்து ஸ்ருதி சடோலிகரிடம் பயின்றார். இங்கிலாந்து திரும்பித் தனியாக வெளியிட்ட முதல் தொகுப்பு ‘சால்ட் ரெய்ன்’ (2001) மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பிறர் பாட்டைத் தன் குரலில் மறுபடி பாடுவது அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல. 2007இல் ஒரு தொகுப்பையே ஹெண்ட்ரிக்ஸ், லெனான் போன்றோரின் பாடல்களால் நிறைத்தார்.

மூலப் பாட்டு பிமல் ராயின் ‘யஹூதி’ (1958) படத்தில் வருகிறது. எழுதியவர் ஷைலேந்திரா, இசை சங்கர்–ஜெய்கிஷன், குரல் முகேஷ், திரையில் திலீப் குமார். பாடலாசிரியருக்கான முதல் ஃபிலிம்ஃபேர் விருதைப் பெற்றுத் தந்த பாட்டு இது. கதையில் ரோம இளவரசன் மார்க்கஸ் யூதனாக வேடமிட்டு ஹன்னா என்ற யூதப் பெண்ணைக் காதலிக்கிறான். மறைத்தவன் அவன். பாட்டோ, அடையாளம் காணாத அவள் பார்வையின் மீது குற்றம் சுமத்துகிறது. முகேஷின் குரலில் உள்ள சோகம் இந்தக் கணக்கை நாம் பார்க்கவிடாமல் செய்துவிடுகிறது.

சுசீலா ராமன் சொற்களுக்குப் புது விளக்கம் எழுதவில்லை. தாழ்ந்த குரலில், அவசரமில்லாமல் பாடுகிறார். அதிலேயே குற்றச்சாட்டு திசை மாறிவிடுகிறது. ‘நீ என்னைப் பார்க்கத் தவறினாய்’ என்று பெண் ஆணிடம் சொல்லும்போது அது புலம்பலாக நிற்பதில்லை. பார்க்கப்படுபவளாகவே வைக்கப்பட்டவள் பார்வையைப் பற்றிச் சொல்லும் தீர்ப்பாகிறது. மெல்லிய உச்சக் குரலே நாயகிக்கு உரியது என்று பழகிய திரையிசைக் காதுக்கு, அந்தக் கீழ்க்குரல் கெஞ்சுவதாகவும் கேட்காது.

இதை வகுப்பில் ஒலிக்கவிட்டபோது ஒரு மாணவி, “இது ஆம்பளைப் பாட்டா, பொம்பளைப் பாட்டா மேடம்?” என்று கேட்டாள். நம் மொழியிலிருந்தே பதில் தேடலாம். தமிழில் தன்மை வினைக்குப் பால் இல்லை. ‘நொந்தேன்’ என்பதை யாரும் சொல்லலாம். இலக்கணம் திறந்து வைத்ததை மரபுதான் பூட்டியது. காதல் பித்தை ஊரறியக் காட்டும் மடலேற்றம் பெண்ணுக்கு இல்லை என்று தொல்காப்பியம் விதிக்கிறது.

அந்தப் பூட்டு யாருக்குத் திறந்தது என்பதற்குத் தாமிரபரணிக் கரையே சாட்சி. ஆழ்வார்திருநகரியின் நம்மாழ்வார் திருவாய்மொழியின் 27 பதிகங்களைப் பெண் கூற்றாகப் பாடினார். அவற்றுள் ஒன்றில் தலைவி மடலேறத் துணிகிறாள். பெண்ணுக்கு மறுத்ததைப் பெண் குரல் பூண்ட ஆணுக்கு மரபு அனுமதித்தது. உரையாசிரியர்கள் அவருக்குப் பராங்குச நாயகி என்று பெயரிட்டுத் தத்துவமும் சொன்னார்கள். அந்தப் பாடல்களின் அழகில் எனக்குச் சந்தேகமில்லை. அதே தாராளம் எதிர்த்திசையில் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி.

எதிர்த்திசையில் நடந்தவர் இருக்கிறார். குறுந்தொகை 58ஐப் பாடியவர் வெள்ளிவீதியார் என்ற பெண். பேசுபவன் தலைவன். கடிந்துரைக்கும் நண்பனிடம், காக்க முடியாமல் தன்னுள் பரவும் காமநோயைச் சொல்கிறான். வெயிலில் உருகும் வெண்ணெயைக் கையில்லாத ஊமை கண்ணால் காப்பது போன்றது அது என்கிறான். ஓர் ஆணின் கையறு நிலைக்கு இத்தனை துல்லியமான உவமையைக் கண்டவள் பெண். நாமோ அவரை முதலில் காதலனைத் தேடி அலைந்தவராகவே அறிமுகம் செய்கிறோம். அகநானூற்றில் (147) ஔவையார் தந்த குறிப்பு அதற்கு வசதியாகிவிட்டது. ஆண் பெண்ணாகப் பாடினால் தத்துவம். பெண் எதைப் பாடினாலும் சொந்தக் கதை.

இது பழைய ஏட்டோடு முடிந்த விஷயமல்ல. கல்லூரி ஆண்டு மலருக்குக் காதல் கவிதை தரும் மாணவன் ‘கவிஞன்’ என்று பெயர் வாங்குகிறான். மாணவி தந்தால், “யாரவன்?” என்று விசாரிக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து நோட்டோடு நின்றுபோன கவிதைகளை நான் படித்திருக்கிறேன். அவற்றில் சில அச்சில் வந்தவற்றைவிட நல்லவை.

ஆகவே ஒரு பழைய பாட்டைப் பெண் மறுபடி பாடுவதை வெறும் அஞ்சலி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. தன்னுடையதல்லாத ஒரு பித்தைப் பூணவும், பாடி முடித்ததும் கழற்றி வைக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. அது கற்பனையின் உரிமை. சுசீலா ராமன் பாடும்போது, “யாரவன்?” என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. நம் வகுப்பறை மாணவியின் கவிதையையும் அப்படியே படிக்கப் பழக வேண்டும்.