பார்னஸின் பூவும் கோவிந்துவின் பூவும்

தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, சென்னை கிறித்தவக் கல்லூரியின் புதர்க்காடு. 1937இல் கல்லூரி இங்கே குடிவந்தபோது அதன் வேதியியல் பேராசிரியர்களில் ஒருவர் எட்வர்டு பார்னஸ். ஆனால் மனிதருக்கு மனமெல்லாம் மலையில். அவர் தேடியலைந்தது சேனைக்கிழங்கு குடும்பத்து அரிசீமா செடிகளை: குடைக்கம்பியாய் விரியும் இலை, நல்லபாம்பு படமெடுத்ததுபோல் வளைந்த பூமடல். அவற்றில் ஒன்றுக்கு ஃபிஷர் என்ற தாவரவியலாளர் அரிசீமா பார்னெசியை என்று பெயரிட்டார்.

இப்படி ஆள் பெயர் வைப்பதே கூடாது என்று 2023இல் ஆய்வாளர் குழு ஒன்று வாதிட்டது. நியாயம் இல்லாமலில்லை. ஸ்லோவேனியக் குகை வண்டு ஒன்று இன்னும் ஹிட்லர் பெயரைச் சுமக்கிறது. தாவரவியலாளர்கள் 2024 மாட்ரிட் மாநாட்டில் இனவசை கலந்த ‘காஃப்ரா’ பெயர்களை மாற்ற வாக்களித்தார்கள். விலங்கியல் பெயரிடல் ஆணையமோ அந்த வழிக்கே வரவில்லை.

நம் ஊர்க் கணக்கிலும் கறை உண்டு. தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்குச் செடிகளைப் படமாக வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். வைட் 1853இல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்று பெயர் வைத்தார்தான். அது ஏற்கெனவே பெயர்பெற்ற ட்ரோபிடியாதான் என்று முடிவானதும், கோவிந்து இணைப்பெயர்ப் பட்டியலுக்குள் போய்விட்டார். வைட்டின் பெயரில் அமைந்த வைட்டியா இன்றும் செல்லுபடியாகிறது.

ஆனாலும் முழுத் தடை எனக்கு உடன்பாடில்லை. 2019இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் திராவிடப் பல்லிப் பேரினத்தில் ஆறு புது இனங்கள் விவரிக்கப்பட்டன. ஒன்றுக்கு, கடைசிக் காலம்வரை மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் உழைத்து 1984இல் மறைந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயர். இருநூறு ஆண்டு வெள்ளைக்காரர் பெயர்களை எழுதித் தீர்த்துவிட்டு, நம்மவர் முறை வரும்போது பேனாவை மூடு என்றால் எப்படி? இன்னொன்று, ஆள் பெயர் கலக்காத ‘தொல்பல்லி’. காதுக்கு இனிமைதான், ஆனால் ஆறுமே தொன்மையான வம்சம் என்பதால் அடையாளம் காண அதுவும் உதவாது. மூன்றாவது, ஆங்கில நாவலாசிரியர் டக்ளஸ் ஆடம்ஸ் பெயரில். அழியும் உயிரினங்களைப் பற்றி எழுதியவர் என்றாலும் நம் மலைக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

உழைத்தவர் பெயர் இருக்கட்டும். ரசிகர் மன்றப் பெயர் வேண்டாம். பார்னஸ் தேறுகிறார், ஜானகி அம்மாள் தேறுகிறார், ஆடம்ஸ் தேறவில்லை. அடுத்த ஆர்க்கிட்டைக் கண்டெடுப்பவர் கோவிந்துவை நினைத்துக்கொள்ளட்டும்.