42 தந்திகள்

1984-இல் ஜாஸ் கலைஞர் பாட் மெத்தீனி, கனடாவில் கிதார் செய்யும் லிண்டா மான்சரிடம் கேட்டது ஒன்றுதான்: எத்தனை தந்தி பூட்ட முடியுமோ, அத்தனையும் பூட்டிய ஒரு கிதார். சுமார் இரண்டு ஆண்டு உழைப்பில் பிறந்தது ‘பிக்காசோ’. நான்கு கழுத்து, இரண்டு ஒலித்துளை, குறுக்கும் நெடுக்குமாக 42 தந்தி. பார்த்ததும் பிக்காசோவின் ஓவியம் நினைவுக்கு வரும். பெயரும் அப்படி வந்ததே.

முறுக்கேற்றினால் தந்திகளின் இழுவிசை ஏறக்குறைய 450 கிலோ. மெல்லிய மரப்பலகை அதைத் தாங்கவும் வேண்டும், அதிர்ந்து பாடவும் வேண்டும். அதைவிட என்னைக் கவர்ந்தது உடலின் ஆப்பு வடிவம். மார்பின் பக்கம் ஒடுங்கி, மடிப்பக்கம் தடித்திருக்கும். கைக்கு அணைவாக இருக்கும், தந்திகளும் வாசிப்பவர் கண்ணை நோக்கிச் சாய்ந்து நிற்கும். விசித்திரமாகத் தெரிவது உண்மையில் வாசிப்பவர் மீதான அக்கறை. நல்ல கைவேலைக்கு அதுவே இலக்கணம்.