தொடர்புப் போக்கு முடிவுகளை ஏ.பி.ஏ. நடையில் எழுதுதல்: ஒரு மதிப்பீடு

ஏ.பி.ஏ. நடை என்பது அமெரிக்க உளவியல் கழகம் ஆய்வுக் கட்டுரைகளுக்காக வகுத்துள்ள எழுத்துமுறை ஆகும். 1929-ஆம் ஆண்டு 'சைக்கலாஜிக்கல் புல்லட்டின்' இதழில் ஏழு பக்கக் கட்டுரையாக இது தொடங்கியது. 2019 அக்டோபரில் வெளிவந்த ஏழாம் பதிப்பு நானூறு பக்கங்களுக்கு மேல் கொண்ட நூல். உளவியலுக்கென்று பிறந்தாலும் இன்று கல்வியியல், சமூகப்பணி, வணிக நிர்வாகம், உடற்கல்வி ஆகிய துறைகளின் ஆய்வேடுகளிலும் இந்த நடை பரவலாகக் கையாளப்படுகிறது.

சென்னையின் தென்புறநகரில் இத்தகைய ஆய்வேடுகள் எழுதப்படும் இடங்கள் பல. 1937-இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னை கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் தனித்துறையாகவே உள்ளது. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் காரப்பாக்கத்தில் இருக்கிறது. விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில் இருக்கிறது. எம்.எட். மாணவர் ஒருவர் பள்ளிகளில் வினாத்தாள் கொடுத்து, விடைகளை எண்களாக்கி, எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் இட்டு, வெளிவரும் அட்டவணைகளை ஏட்டின் நான்காம் இயலில் சேர்ப்பது வழக்கமான நடைமுறை. அந்த நான்காம் இயலில் தொடர்புப் போக்கு எவ்வாறு எழுதப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பெயரிலேயே தொடங்கும் குழப்பம்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல்கள் இதனைத் 'தொடர்புப் போக்கு' என்கின்றன. இலங்கையில் 'பிற்செலவு' என்ற சொல் வழங்குகிறது. கணினி மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தும் மாணவர்களின் ஏடுகளில் 'பின்னடைவுப் பகுப்பாய்வு' என்று காணப்படுகிறது. பின்னடைவு என்றால் தமிழில் தோல்வி, சறுக்கல் என்றே பொருள். 'மாணவர்களின் கற்றலில் பின்னடைவு கண்டறியப்பட்டது' என்று படிப்பவர் என்ன நினைப்பார்? பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டபோது, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புவதைக் கண்டு ஆங்கிலப் பெயரை வைத்தார். அந்தப் 'பின் திரும்பல்' இன்றைய பயன்பாட்டில் எங்கும் இல்லை. எனவே 'தொடர்புப் போக்கு' என்பதே பொருத்தமான சொல்.

இன்னொரு சிக்கல் எழுத்தில் உள்ளது. நிகழ்தகவைக் குறிக்கும் ஆங்கிலச் சிற்றெழுத்தும், சாய்வுக் கெழுவைக் குறிக்கும் ஆங்கிலப் பேரெழுத்தும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பி' ஆகிவிடும். தமிழில் ஆய்வேடு எழுதுவோர் இதைக் கவனிக்காமல் ஒரே வரியில் இரண்டு 'பி' எழுதிவிடுகிறார்கள். இக்கட்டுரையில் முன்னது 'பி-மதிப்பு' என்றும் பின்னது 'சாய்வு' என்றும் வழங்கப்படும். ஏட்டிலோ குறியீடுகளை ரோமன் எழுத்தில், சாய்வெழுத்தாகவே தர வேண்டும் என்பது கையேட்டின் விதி. கிரேக்க எழுத்துகளுக்கு மட்டும் சாய்வெழுத்து கூடாது.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே

பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் பாடத்தில் ஒட்டுறவும் தொடர்புப் போக்கும் ஒரே இயலில் வருகின்றன. இரண்டு கோடுகளைக் கண்டுபிடிக்கவும், ஒரு மதிப்பைக் கொண்டு மற்றதை மதிப்பிடவும் மாணவர் கற்கிறார். கணக்காக இது நல்ல பாடம். ஆனால் அந்தக் கெழு எவ்வளவு உறுதியானது, வேறு பதினொரு பேரை எடுத்திருந்தால் எவ்வளவு மாறியிருக்கும் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. முதுநிலைக்கு வந்ததும் திட்டப்பிழை, டி-மதிப்பு, எஃப்-மதிப்பு, நம்பிக்கை இடைவெளி எல்லாம் ஒரே அட்டவணையில் வந்து நிற்கின்றன. நடுவிலே ஒரு படிக்கட்டு இல்லை. படிக்கட்டு இல்லாத இடத்தில் மாணவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பழைய ஏட்டைப் பார்த்து எண்களை மட்டும் மாற்றி எழுதுவது.

ஓர் எடுத்துக்காட்டு

யேல் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் 'தி அமெரிக்கன் ஸ்டாடிஸ்டிஷியன்' இதழில் வெளியிட்ட தரவுகள் எல்லா மென்பொருள்களிலும் எளிதில் கிடைப்பவை. அவற்றில் முதல் தொகுதியில் பதினொரு இணைகள் உள்ளன. சாரா மாறியின் சராசரி 9, சார்ந்த மாறியின் சராசரி 7.50. இதனை மென்பொருளில் இட்டு வரும் முடிவை ஏ.பி.ஏ. நடையில் இவ்வாறு எழுதலாம்:

'சாரா மாறியைக் கொண்டு சார்ந்த மாறியை மதிப்பிட எளிய நேரியல் தொடர்புப் போக்கு கணக்கிடப்பட்டது. மாதிரி புள்ளியியல் அடிப்படையில் மிகைகாண்தன்மை உடையது, எஃப்(1, 9) = 17.99, பி-மதிப்பு = .002, ஆர்² = .67, திருத்திய ஆர்² = .63. சாரா மாறி ஓர் அலகு கூடும்போது சார்ந்த மாறி சராசரியாக 0.50 அலகு கூடுகிறது, சாய்வு = 0.50, 95% நம்பிக்கை இடைவெளி [0.23, 0.77], டி(9) = 4.24, பி-மதிப்பு = .002.'

இந்தச் சில வரிகளில் கையேட்டின் முக்கிய விதிகள் பல அடங்கிவிடுகின்றன. அடைப்புக்குள் இருக்கும் 1, 9 ஆகியவை வகுப்பில் 'டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்' என்று வழங்கப்படும் எண்கள். ஒரு சாரா மாறி, பதினொரு இணைகள் என்பதால் 11 − 1 − 1 = 9. இந்த எண் ஏட்டில் சொல்லப்பட்ட மாணவர் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே, விடுபட்ட விடைகளைச் சொல்லாமல் நீக்கியிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். தேர்வாளர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஒன்றைத் தாண்ட முடியாத அளவைகளுக்குப் புள்ளிக்கு முன் சுழியம் போடக்கூடாது. ஆகவே பி-மதிப்பு .002, ஆர்² .67. சாய்வு ஒன்றைத் தாண்டக்கூடியது, ஆகவே 0.50. இந்தச் சிறிய விதிக்குத்தான் உள்மதிப்பீட்டில் மதிப்பெண் அதிகம் குறைக்கப்படுகிறது. தரப்படுத்திய கெழுவான பீட்டாவைப் பெரும்பாலோர் சுழியமின்றி எழுதுகிறார்கள். உண்மையில் சாரா மாறிகள் தமக்குள் மிக நெருங்கிய ஒட்டுறவு கொண்டிருந்தால் பீட்டா ஒன்றைத் தாண்டக்கூடும். இதை அறிந்து மாணவர் சுழியம் போட்டிருந்தால் அதைப் பிழையெனச் சுழிப்பது நியாயமல்ல.

எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளின் பழைய பதிப்புகள் தரும் அட்டவணையில் கடைசிப் பத்தியில் .000 என்று அச்சாகும். அது மூன்று தசம இடங்களுக்குச் சுருக்கிய எண். நிகழ்தகவு சரியாகச் சுழியம் ஆகாது. 'பி-மதிப்பு .001-க்குக் குறைவு' என்றே எழுத வேண்டும். இவ்வளவு சொல்லப்பட்ட பிறகும் .000 ஆண்டுதோறும் ஏடுகளில் வந்துகொண்டே இருக்கிறது.

விதிப்படி சரி, ஆனால்

ஆன்ஸ்கோமின் தொகுதிகள் மொத்தம் நான்கு. மேலே எழுதிய வரிகளை மற்ற மூன்று தொகுதிகளுக்கும் ஏறத்தாழ ஓர் எண்ணும் மாறாமல் எழுதலாம். சராசரி ஒன்று, சாய்வு ஒன்று, ஆர்² ஒன்று. வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால்தான் நான்கும் வேறு வேறு என்று தெரியும். முதலாவது, கோட்டைச் சுற்றிச் சிதறிய இயல்பான தரவு. இரண்டாவது தெளிவான வளைகோடு, அதற்கு நேர்கோடு பொருத்தியதே தவறு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்க, 13-க்கு நேரே 12.74 என்ற ஒரு புள்ளி மட்டும் விலகி நின்று கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. நான்காவதில் பத்துப் பேருக்குச் சாரா மாறியின் மதிப்பு 8, ஒருவருக்கு மட்டும் 19. அந்த ஒருவரை நீக்கினால் சாய்வு என்று ஒன்றைக் கணக்கிடவே முடியாது.

நான்கு மாணவர்கள் நான்கு தொகுதிகளையும் ஆளுக்கொன்றாக எடுத்து எழுதினால், நடைக்கு மதிப்பெண் தரும் ஆசிரியர் நால்வருக்கும் முழு மதிப்பெண் தருவார். ஒருவருடைய முடிவே ஏற்கத்தக்கது. கையேட்டின் மீது வைக்கத்தக்க முதன்மையான குறை இதுதான். அது அனுமானங்கள் மீறப்பட்டிருந்தால் சொல்லச் சொல்கிறது, விளைவின் அளவையும் நம்பிக்கை இடைவெளியையும் கேட்கிறது. ஆனால் சிதறல் வரைபடத்தைக் கட்டாயமாக்கவில்லை. சுழியத்துக்கும் சாய்வெழுத்துக்கும் உள்ள கண்டிப்பு படத்துக்கு இல்லை. கல்லூரிகளோ கையேட்டில் எளிதில் திருத்தக்கூடிய பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, சிரமமான பகுதியை விட்டுவிடுகின்றன. பழியில் பெரும்பங்கு இங்கேதான் விழ வேண்டும்.

உள்ளூர்த் தரவுகள்

புறநகர் ஆய்வுகளில் தலைகாட்டும் சில சிக்கல்களையும் பார்க்க வேண்டும். குடும்ப வருமானத்தை எடுத்துக்கொள்வோம். மாத வருமானத்தை ரூபாயில் இட்டு, தேர்வு மதிப்பெண்ணைச் சார்ந்த மாறியாகக் கொண்டால், சாய்வு 0.0004 என்பதுபோல் வரக்கூடும். இரண்டு தசம இடம் என்ற விதியைப் பின்பற்றினால் அது 0.00 ஆகிவிடும். பக்கத்திலேயே மிகைகாண்தன்மைக்கு இரண்டு நட்சத்திரம் நிற்கும். வாய்மொழித் தேர்வில் 'சுழியம் எப்படியம்மா மிகைகாண் ஆகும்?' என்று கேட்டால் மாணவி திகைப்பார். வருமானத்தை ஆயிரம் ரூபாய் அலகுக்கு மாற்றினால் அதே கெழு 0.40 என்று படிக்கத்தக்கதாகும். பி-மதிப்பில் எந்த மாற்றமும் வராது. கையேடு மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி கேட்பதால், நம் 1,50,000 அங்கே 150,000 ஆக வேண்டும். அட்டவணையில் ஒன்றும் வினாத்தாளில் ஒன்றுமாக இருந்தால், எந்த முறை என்று குறிப்பில் சொல்லிவிடுவது நல்லது.

பள்ளி வகையைக் குறியிடுவது இதைவிடப் பெரிய பிழைக்கு இடம் தருகிறது. அரசுப் பள்ளி 1, உதவிபெறும் பள்ளி 2, தனியார் பள்ளி 3 என்று இட்டு, அந்த எண்ணை அப்படியே சாரா மாறியாக்கிவிடுகிறார்கள். அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் உள்ள தொலைவும், உதவிபெறும் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் உள்ள தொலைவும் ஒன்றே என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். மூன்று வகைகளுக்கு 0, 1 என்ற மதிப்புடைய இரண்டு மாறிகள் தேவை. எந்த வகை 0, 0 என்று ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டது என்பதை அட்டவணைக் குறிப்பில் எழுத வேண்டும். அதை எழுதாத அட்டவணையில் கெழுவின் கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் பொருளே இல்லை.

இருப்பிடத்தைக் குறியிடுவதும் இப்படித்தான். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் ஆகிய நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. 2020-இல் மாடம்பாக்கத்துப் பள்ளியைப் 'பேரூராட்சி' என்றும், 2022-இல் அதே பள்ளியை 'மாநகராட்சி' என்றும் இரு ஏடுகள் குறித்தால் இரண்டும் சட்டப்படி சரி. பள்ளியோ, பிள்ளைகள் வரும் தெருக்களோ மாறவில்லை. மாவட்டமும் 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஆயிற்று. தரவு திரட்டிய நாளையும் இடத்தையும் எழுதச் சொல்லும் விதி வெறும் சடங்கல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

'தாக்கம்' என்ற சொல்

ஆய்வேட்டுத் தலைப்புகளில் 'தாக்கம்' மிகுதி. 'கைப்பேசிப் பயன்பாட்டின் தாக்கம்', 'வீட்டுச் சூழலின் தாக்கம்' என்பனபோல. ஒரே நாளில் ஒருமுறை கொடுத்த வினாத்தாளிலிருந்து கணக்கிட்ட சாய்வு தாக்கத்தைக் காட்டாது. மதிப்பெண் குறைந்த பிள்ளை மனம் சோர்ந்து கைப்பேசியை எடுத்திருக்கலாம். இரண்டுக்கும் காரணம் வீட்டில் நேர்ந்த வேறொன்றாகவும் இருக்கலாம். 'தொடர்புடையது', 'கொண்டு மதிப்பிடலாம்' என்று எழுதுவதே தரவு தாங்கும் சொல். ஏட்டின் ஐந்தாம் இயலில் 'ஆகவே பெற்றோர் கைப்பேசியைத் தடுக்க வேண்டும்' என்று பரிந்துரை வருகிறது. அந்தப் பரிந்துரை பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, ஒரு வீட்டில் நடப்பையே மாற்றவும் கூடும். அதற்கு அடிப்படை பெரும்பாலும் ஒரு வரி அட்டவணைதான்.

வசதியில்லை என்ற காரணம் இப்போது அவ்வளவாகப் பொருந்தாது. எஸ்.பி.எஸ்.எஸ். விலை மிகுந்தது. ஆனால் 'ஆர்', 'ஜாஸ்ப்', 'ஜமோவி' ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஜாஸ்ப் தன் அட்டவணைகளை ஏ.பி.ஏ. வடிவிலேயே தருகிறது. எச்சங்களின் வரைபடத்தையும் நம்பிக்கை இடைவெளியையும் ஒரு சொடுக்கில் பெறலாம். அட்டவணை வடிவத்தைக் கணினியே பார்த்துக்கொள்ளும் நிலையில், வகுப்பில் மிஞ்சும் நேரத்தைச் சிதறல் வரைபடத்துக்கும் மாறிகளின் குறியீட்டுக்கும் ஒதுக்க முடியும். உள்மதிப்பீட்டில் நடைக்கு உள்ள மதிப்பெண்ணில் பாதியைச் சிதறல் வரைபடத்துக்கும், அதைப் பார்த்து மாணவர் தம் சொல்லில் எழுதும் ஐந்து வரிகளுக்கும் மாற்றித் தருவது துறைகளே செய்யக்கூடிய மாற்றம்.