ஈமக்காடும் நகரத்தார் வீடும்: செட்டிநாட்டு உள்ளூர் வரலாற்று எழுத்து – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

உள்ளூர் வரலாற்றை எழுதுவோர் பழங்கட்டடங்களையும் அடக்கத்தலங்களையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்வர். செட்டிநாட்டைப் பற்றிய பொதுவான எழுத்துகளில் கட்டடமே முன்னிற்கிறது. இறந்தோரை நினைவுகொள்ளும் முறைகள் சடங்கு என்னும் தலைப்பில் ஒதுக்கப்படுகின்றன. இப்பகுப்பு வீட்டின் வரலாற்றுப் பொருளைக் குறைத்துவிடுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செட்டிநாடு, நகரத்தார், படைப்பு, விலாசம், புள்ளி, அடக்கத்தலம்

முன்னுரை

சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2014–15 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் பழந்தமிழர் வாழ்விடத்தை வெளிப்படுத்தின. அதனை அடுத்துள்ள கொந்தகை ஈமக்காடு 2020-இல் ஆறாம் கட்டத்தில் அகழப்பட்டு, முதுமக்கள் தாழிகள் வெளிவந்தன. வாழ்ந்த இடமும் புதைத்த இடமும் ஒருசேர ஆராயப்பட்டமையால் அம்மக்களைப் பற்றிய அறிவு விரிவடைந்தது. இதே மாவட்டத்தின் காரைக்குடிப் பகுதியில் ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுடைய வீடுகளை நோக்கும்போது இவ்விணைப்புப் பார்வை கைவிடப்படுகிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றபின் இவ்வீடுகள் பெரிதும் கலைப்பொருளாகவே காணப்படுகின்றன.

கட்டடம் தரும் சான்று

பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஜப்பானியப் பூஓடு, ஆத்தங்குடித் தளக்கல் என்னும் பட்டியல் செட்டிநாட்டு வீட்டைப் பற்றிய எழுத்துகளில் தவறாது வருகிறது. இப்பொருள்களை வாங்கிய செல்வம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் செட்டியார்வசமிருந்த நிலம் 1930-இல் 6 விழுக்காடு; 1938-இல் அது 25 விழுக்காடாயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை வீழ, கடனைத் திருப்பித்தர இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தோரிடம் சென்றதே இவ்வுயர்வுக்குக் காரணம். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பால் அவ்வணிகம் குலைந்தது. ஆகவே தேக்குத்தூணை அழகுப்பொருளாக மட்டும் விவரிப்பது அரைகுறை வாசிப்பாகும். அது கடன், நிலம், புலம்பெயர்வு ஆகியவற்றின் ஆவணமுமாகும்.

கோயிற்கொடையையும் வட்டித்தொழிலையும் ஒரே சட்டகத்தில் வைத்து டேவிட் ரட்னர் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முன்மாதிரியானது. அவர் கோயிலுக்குச் செய்த பணியை நாம் வீட்டுக்குச் செய்தல் வேண்டும்.

கல்லறையற்ற நினைவு

நகரத்தார் இறந்தோரை எரியூட்டும் வழக்கத்தினர். எனவே பெயரும் ஆண்டும் பொறித்த கல்லறை வரிசையை அவர்களிடம் தேடுவது பயனற்றது. ஆயினும் நினைவு இடமின்றிப் போகவில்லை. முன்னோருக்குத் துணியும் உணவும் வைத்து வழிபடும் ‘படைப்பு’ பங்காளிகளை ஒன்றுகூட்டுகிறது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளாலான ‘விலாசம்’ வணிக நிறுவனத்துக்கும் குடும்பத்துக்கும் அடையாளமாகிறது. திருமணமான ஒவ்வோர் இணையும் ஒரு ‘புள்ளி’யாகக் கணக்கிடப்பட்டுக் கோயில்வரி செலுத்துகிறது, வீட்டின் வளவைச் சூழ்ந்த அறைகள் அப்புள்ளிகளுக்கு உரியவை. இம்மூன்றையும் சேர்த்து நோக்கின், பிற சமூகங்களில் கல்லறை ஆற்றும் பணியின் ஒரு பகுதியை இங்கு வீடே ஆற்றுவது புலனாகும்.

அண்டைப் பகுதியின் மருதிருவர் நினைவு இதற்கு மாறானது. 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அவர்களின் உடல்கள் அவ்வூரிலும் தலைகள் காளையார்கோயிலிலும் அடக்கம் செய்யப்பட்டதாக மரபு கூறும். அங்கு நினைவு மண்ணைப் பற்றி நிற்பதால் பொதுமக்களின் வழிபாட்டுக்குரியதாயிற்று. நகரத்தாரிடம் அது கூரையைப் பற்றி நிற்பதால் பங்காளிகளின் கூட்டுரிமைக்குள் அடங்கிற்று.

விடுபட்டோர்

வீட்டையே நினைவுச்சின்னமாகக் கொள்ளும் வாசிப்புக்கும் எல்லை உண்டு. வீட்டு முகப்பு உடையவரின் பெயரைத் தாங்கும். சுண்ணாம்பு அரைத்தவர், மரம் இழைத்தவர், சுதைச்சிற்பம் சமைத்தவர் பெயர்களை அது தாங்குவதில்லை. அவர்களைத் தேட ஊர்ப்புறத்து இடுகாடுகள், கபுறுஸ்தான்கள், கல்லறைத் தோட்டங்கள் ஆகியவற்றுக்கே ஆய்வாளர் செல்லவேண்டும். அங்கும் கல்நாட்ட வசதியற்றோர் பெயரின்றியே கிடப்பர். அவ்விடத்து வாய்மொழி வழக்காறே எஞ்சும் சான்று. எனவே வீடு, அடக்கத்தலம், வாய்மொழி மூன்றும் ஒன்றையொன்று திருத்தும் சான்றுகளாகக் கொள்ளத்தக்கன.

முடிவுரை

பங்காளிகள் பல ஊர்களிலும் நாடுகளிலும் பரவிய நிலையில் பல வீடுகள் பிரிக்கப்படுகின்றன. அவற்றின் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. தூண் வேறோர் ஊரில் மீண்டும் நிற்கலாம். எந்த அறை எப்புள்ளிக்குரியது, எவ்விடத்தில் எவருக்குப் படைக்கப்பட்டது என்னும் செய்தி அத்தூணுடன் செல்வதில்லை. ஆதலின் வீட்டு வரைபடத்தோடு அறையுரிமை, விலாசம், படைப்பிடம் ஆகியவற்றையும், அதே ஊரின் அடக்கத்தலங்களையும் ஒரே பதிவில் தொகுப்பது செட்டிநாட்டு உள்ளூர் வரலாற்றின் முதற்பணியாகிறது. கட்டட அழகை மட்டும் பதியும் ஆவணம் செல்வரின் வாழ்வைக் காட்டும். ஊரின் வரலாற்றைக் காட்டாது.