உள்ளங்கை அளவு முகங்கள்

கார்த்-த-விசித் என்பது விசிட்டிங் கார்டு அளவிலான ஒளிப்படம். பாரிஸில் ஸ்டுடியோ வைத்திருந்த திஸ்தெரி 1854இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நான்கு லென்ஸ் கேமராவில் ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டு முகங்களைப் பதித்துவிடலாம். விலை சரிந்ததன் ரகசியம் அதுதான்.

முட்டை வெண்கரு பூசிய மெல்லிய தாளில், தகட்டை அதன்மேல் வைத்து, வெயிலில் அச்சிடுவார்கள். தாள் சுருண்டுகொள்ளும் என்பதால், ஏறத்தாழ 64 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் உள்ள கெட்டி அட்டையில் ஒட்டுவது வழக்கம்.

ரசிக்கவேண்டியது நுணுக்கங்களை. சில விநாடி அசையாமல் நிற்கவேண்டியிருந்ததால் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பார்கள். உற்றுப் பார்த்தால் சிலரின் குதிகாலுக்குப் பின்னே அதன் அடிப்பாகம் எட்டிப் பார்க்கும். பின்னணித் திரையில் ஐரோப்பியத் தூணும் மாடமும். அந்தக் காலத்து முகங்களின் விறைப்பை உடனே குணமென்று கொள்ளக்கூடாது. பாதி தாங்கியின் வேலை.

நிறங்களும் ஏமாற்றும். ஈரக் கொலோடியன் பூசிய அந்தக் கண்ணாடித் தகடு நீல ஒளிக்கே நன்றாக இணங்கும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு ஏறக்குறைய இருட்டு. நெற்றித் திருநீறு பளிச்சென்று விழ, பக்கத்துக் குங்குமம் கரும்புள்ளியாகிறது. அரக்குப் பட்டு கறுத்துப்போகிறது. மாநிற முகமும் அசலைவிட இருண்டு பதிகிறது. ஆகவே இந்தப் படங்களை வைத்து ஒருவரின் நிறத்தைத் தீர்ப்பது அபத்தம்.

சென்னையில் 1856இலேயே ஒளிப்படச் சங்கம் தோன்றிவிட்டது. அங்கிருந்த நிக்கலஸ் கம்பெனி, சாதி வாரியாகவும் தொழில் வாரியாகவும் உள்ளூர் மக்களைப் படமெடுத்து இந்த அட்டைகளாக விற்றது. அவற்றில் படத்தில் இருப்பவரின் பெயர் பெரும்பாலும் கிடையாது, ‘வகை’தான் உண்டு. கைத்திறன் சிறப்பானது, நோக்கம் அப்படியல்ல. குடும்பத்தினர் தாமே காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படங்கள் வேறு கதை: உடை, நகை, யார் உட்கார்வது, யார் நிற்பது எல்லாம் அவர்கள் காட்ட விரும்பியவை.

1866இல் பெரிய கேபினட் அட்டை வந்தது. பிறகு உலர்தகடும் பரவ, சிறிய அட்டை மெல்ல ஒதுங்கியது. 1880க்குப் பிந்திய தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றின் உதவியோடு மின்னாக்கம் செய்திருக்கிறது. வீட்டுப் பழைய பெட்டியில் இப்படியோர் அட்டை கிடைத்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஸ்டுடியோவின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும். வெண்கருத் தாள் ஈரக்காற்றில் மஞ்சளித்து வெளிறும் என்பதால், சுவரில் மாட்டாமல் உலர்ந்த இருட்டில் வைப்பதே உத்தமம்.